எஞ்சின் சூடான பிறகும் எலக்ட்ரிக் சோக் திறக்கவில்லை: கரும்புகை, பெட்ரோல் வாடை

நெடுஞ்சாலை:
எல்லாருக்கும் வணக்கம். என்னோடது எண்பதுகளில் வந்த நாலு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. ஒற்றை கார்பரேட்டர், பக்கவாட்டில் வட்டமான கறுப்பு மூடியோட எலக்ட்ரிக் சோக் (குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகக் காத்தைக் குறைச்சு, சூடானதும் தானா திறக்கிற அமைப்பு). இக்னிஷன் பழைய பாயின்ட் (எஞ்சின் சுத்தச் சுத்தத் திறந்து மூடுற சுவிட்ச்), கண்டென்சர் வகைதான். வாங்கி அதிக நாள் ஆகலை.

காலையில முதல் சாவியிலேயே ஸ்டார்ட் ஆகுது. பிரச்சினை அதுக்கப்புறம். டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்து நல்லா ஓடின பிறகும் ஐட்லிங் தடதடன்னு இருக்கு, சைலன்சர்ல கரும்புகை, பெட்ரோல் வாடை. சிக்னல்ல நின்னா சில சமயம் ஆஃப் ஆகிடுது. பிளக் கழட்டிப் பார்த்தேன், நாலும் ஒரே மாதிரி மசி பூசின மாதிரி கறுப்பு. சூடான எஞ்சினை நிறுத்திட்டு ஏர் கிளீனரைக் கழட்டினா சோக் பட்டர்ஃபிளை (காத்து வழியை மூடுற தகடு) பாதிதான் திறந்திருக்கு. விரலால தள்ளினா தடையில்லாம முழுசா திறக்குது, விட்டா திரும்பப் பாதிக்கே வந்துடுது.

சோக் ஒயரைப் பிடுங்கி, சாவி ஆன் பண்ணி மீட்டர் வெச்சேன். 12.3 வோல்ட் காட்டுது. அப்போ கரன்ட் வருது, மூடிக்குள்ள ஹீட்டர் போயிடுச்சுன்னு எடுத்துக்கலாமா? புது மூடி வாங்குறதுக்கு முன்னாடி உங்க கருத்தைக் கேட்டுக்கலாம்னு வந்தேன்.

சிவப்பு ஹேட்ச்பேக்:
புது மூடியெல்லாம் இப்போ வேண்டாம் நண்பரே. மூடியைப் பிடிச்சிருக்கிற மூணு ஸ்க்ரூவை லேசா தளர்த்தி, லீன் பக்கமா (பெட்ரோல் குறையுற பக்கம்) ரெண்டு கோடு திருப்பி டைட் பண்ணுங்க. சோக் சீக்கிரம் திறந்துடும், புகை நின்னுடும். என் வண்டியிலயும் அப்படித்தான் சரி பண்ணாங்க.

கார்ப் வாத்தியார்:
தம்பி, தயவுசெய்து இப்போ மூடியில கை வைக்காதீங்க. ஏன்னு சொல்றேன்.

மூடிக்குள்ள சுருள் மாதிரி ஒரு பைமெட்டல் ஸ்பிரிங் இருக்கு. சூட்டுல வேற வேற அளவுல விரியுற ரெண்டு உலோகத்தை ஒட்டிச் சுத்தினது. குளிர்ந்திருக்கும்போது அது இறுகி பட்டர்ஃபிளையை மூடிப் பிடிக்கும். பக்கத்துல இருக்கிற சின்ன ஹீட்டருக்கு கரன்ட் போனதும் ஸ்பிரிங் சூடாகி நெகிழும், பட்டர்ஃபிளை மெல்லத் திறக்கும். மூடியைத் திருப்புறதுன்னா அந்த ஸ்பிரிங்கோட ஆரம்ப இறுக்கத்தை மாத்துறது. ஹீட்டருக்குச் சூடு பத்தலைன்னா இறுக்கத்தைக் குறைச்சு அதை மூடி மறைக்கலாம். புகை குறையும், வாஸ்தவம். ஆனா குளிர்ல ஸ்டார்ட் பண்ணும்போது தேவையான மூடல் கிடைக்காது. கரன்ட்ல இருக்கிற கோளாறும் அப்படியே உள்ள உக்காந்திருக்கும்.

விரலால தள்ளினா தாராளமா போகுது, திரும்பி வருதுன்னு எழுதியிருக்கீங்க. நல்ல தகவல். ஷாஃப்ட்ல அழுக்குப் பிடிச்சு இறுகலை, ஸ்பிரிங்தான் இன்னும் பிடிச்சு இழுக்குது. ஸ்பிரிங்குக்குச் சூடு சேரலை. அந்தச் சூடு எங்க குறையுதுன்னு மட்டும்தான் இப்போ தேடணும். மின்கம்பி சார் வந்தா நல்லா இருக்கும்.

மின்கம்பி:
வந்துவிட்டேன். அந்த 12.3 வோல்ட்டை நம்பாதீர்கள்.

ஒயரைப் பிடுங்கி அளந்தால் அதில் கரன்ட் ஓடுவதில்லை; மீட்டர் இழுக்கும் கரன்ட் ஒரு பொருட்டே இல்லை. வழியில் துருப்பிடித்த கனெக்டர் இருந்தாலும், நூறு இழையில் இரண்டு இழை மட்டும் மிச்சமிருந்தாலும் மீட்டர் முழு வோல்ட்டைக் காட்டிவிடும். சோக் ஹீட்டர் பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று ஆம்பியர் வரை இழுக்கும். அந்தச் சுமை ஏறும்போதுதான் வோல்ட் எங்கே விழுகிறது என்று தெரியும். ஆகவே ஒயரைத் திரும்ப மாட்டுங்கள். எஞ்சின் ஓடட்டும். கனெக்டரின் பின்பக்கமாக மீட்டர் ஊசியை நுழைத்து மூன்று இடங்களில் அளவெடுங்கள்.

முதலில் பேட்டரியின் இரு முனைக்கும் நடுவே. ஆல்டர்னேட்டர் சரியாக இருந்தால் ஏறத்தாழ 13.8 முதல் 14.4 வரை இருக்கும். அடுத்து சோக் டெர்மினலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே. பேட்டரி அளவைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் சப்ளை பக்கம் கோளாறு. கடைசியாக, பலரும் விட்டுவிடுவது, எர்த். சிவப்பு ஊசியைச் சோக் மூடியின் எர்த் தகட்டிலும் கறுப்பை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். 0.1, 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் கரன்ட் திரும்பி வரும் வழி அடைபட்டிருக்கிறது.

டெஸ்ட் லாம்ப் எரிவதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். சின்ன பல்பு இழுப்பது கால் ஆம்பியர்தான், நைந்த ஒயரிலும் அது எரியும்.

இன்னொன்று. எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து நெடுநேரம் விடாதீர்கள். பாயின்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் இக்னிஷன் காயில் (ஸ்பார்க்குக்கான உயர் வோல்ட்டை உண்டாக்கும் சுருள்) வெந்து போகும், பாயின்ட்டும் கருகும்.

நான்கு வழிச்சாலை:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் சோக் தொல்லைதான், ஆனால் வேறு மாதிரி. காலையில் ஸ்டார்ட் ஆன முதல் நிமிடம் மட்டும் கரும்புகை கொட்டுகிறது, எஞ்சின் மூச்சுத் திணறுகிறது. ரெண்டு மூணு நிமிடத்தில் தானாகச் சரியாகிவிடுகிறது. இதுவும் ஹீட்டரா?

கார்ப் வாத்தியார்:
உங்களுக்கு ஹீட்டர் வேலை செய்யுது, அதனாலதான் தானா சரியாகுது. நீங்க பார்க்க வேண்டியது வேக்குவம் டயஃப்ரம். சோக் பக்கத்துல சின்ன டப்பா மாதிரி இருக்கும், மேனிஃபோல்டுல இருந்து மெல்லிய ஹோஸ் ஒண்ணு போகும்.

ஸ்டார்டர் சுத்தும்போது பட்டர்ஃபிளை கிட்டத்தட்ட முழுசா மூடியிருக்கணும். எஞ்சின் பத்தின அடுத்த நொடியே அது சில மில்லிமீட்டர் திறந்தாகணும், இல்லேன்னா காத்து கிடைக்காம பெட்ரோல்ல மூழ்கிடும். ஹீட்டர் சூடாக நேரம் எடுக்கும், அதை நம்பி இருக்க முடியாது. அந்தச் சின்ன இடைவெளியைக் கொடுக்கத்தான் டயஃப்ரம். உள்ள இருக்கிற ரப்பர் கிழிஞ்சாலோ, ஹோஸ் வெடிச்சாலோ உங்களுக்கு நடக்குறது நடக்கும்.

கை வேக்குவம் பம்ப் இருந்தா ஹோஸ் முனையில மாட்டி இழுங்க. கம்பி உள்ள போய் அங்கேயே நிக்கணும், முள் இறங்கக் கூடாது. சில டயஃப்ரத்துல வேணும்னே ஒரு சின்ன துளை விட்டு மெதுவா இயங்குற மாதிரி செஞ்சிருப்பாங்க, அதையும் உங்க சர்வீஸ் புத்தகத்துல ஒரு தடவை பார்த்துக்குங்க. இடைவெளி எவ்வளவுன்னும் அதுலதான் இருக்கும். அந்த அளவுள்ள டிரில் பிட்டோட வழவழப்பான தண்டைப் பட்டர்ஃபிளைக்கும் சுவருக்கும் நடுவுல செருகிப் பார்த்தா தெரிஞ்சுடும். தொட்டும் தொடாம நுழையணும்.

நெடுஞ்சாலை:
மின்கம்பி சார் சொன்னபடி அளந்தேன். எஞ்சின் ஓடும்போது:

பேட்டரி 14.1.
சோக் டெர்மினல் 7.2, ஐட்லிங்ல ஆடிக்கிட்டே இருக்கு. ரேஸ் பண்ணினாலும் 8ஐத் தாண்டலை.
எர்த் பக்கம் 0.05.

சப்ளையில பாதி காணோம்! ஒயரைப் பிடுங்கி சாவி மட்டும் ஆன் பண்ணினா மறுபடியும் 12.3 காட்டுது. இப்படி ஒரு வித்தியாசத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை.

மின்கம்பி:
எர்த் சுத்தம், மிக நன்று. அந்த 7.2 எனக்குப் பழக்கமான எண். அந்த ஒயரைக் கையால் பிடித்துக்கொண்டே போய்ப் பாருங்கள். இக்னிஷன் காயிலின் பாசிட்டிவ் டெர்மினலில் முடிகிறதா?

பாயின்ட் வகை இக்னிஷன் பலவற்றில் காயிலுக்கு முன்னால் பேலஸ்ட் ரெசிஸ்டர் உண்டு. தனியாக வெள்ளைப் பீங்கான் கட்டையாக இருக்கலாம், ஒயரே ரெசிஸ்டன்ஸ் ஒயராகவும் இருக்கலாம். எஞ்சின் ஓடும்போது காயிலுக்கு முழு வோல்ட் போகாமல் குறைப்பது அதன் வேலை. அங்கிருந்து சோக்குக்கு லைன் எடுத்தால் சோக்குக்கும் அந்தக் குறைந்த வோல்ட்தான். பாயின்ட் திறந்த நிலையில் எஞ்சின் நின்றிருந்தால் ரெசிஸ்டரில் கரன்ட் ஓடாது, அதனால் மீட்டர் முழு வோல்ட்டைக் காட்டும். உங்கள் 12.3 அப்படி வந்ததாக இருக்கலாம்.

பாதி வோல்ட் என்றால் பாதிச் சூடு என்று நினைத்துவிடாதீர்கள். சாதாரணக் கம்பிச் சுருள் ஹீட்டரில் சூடு வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. 14க்குப் பதில் 7 கொடுத்தால் கிடைப்பது கால் பங்கு. ஸ்பிரிங் எப்படி நெகிழும்?

இதில் இன்னொரு கேடும் உண்டு. சோக் இழுக்கும் கரன்ட்டும் அதே ரெசிஸ்டர் வழியாகப் போவதால் காயிலுக்குப் போகும் வோல்ட் மேலும் குறைகிறது, ஸ்பார்க் பலவீனமாகிறது. கலவையோ ஏற்கெனவே கெட்டி, அதாவது பெட்ரோல் அதிகம். பிளக் கரி பிடிக்காமல் என்ன செய்யும்?

அமைதிப் பயணி:
ஒரு எச்சரிக்கை, யாரும் அவசரப்பட்டு 12 வோல்ட்டை நேராகக் கொடுத்துவிடாதீர்கள். எல்லா சோக்கும் 12 வோல்ட் சோக் இல்லை. எழுபதுகளின் ஃபோர்டு வண்டிகள் பலவற்றில் சோக்குக்கான லைன் ஆல்டர்னேட்டரின் ஸ்டேட்டர் டெர்மினலில் இருந்து வரும். அங்கே கிடைப்பதே சுமார் 7 வோல்ட்தான், எஞ்சின் ஓடும்போது மட்டும். மூடியும் அதற்கேற்பச் செய்தது. அதற்கு 14 வோல்ட் கொடுத்தால் சோக் வேகமாகத் திறந்துவிடும், ஹீட்டரும் நாளடைவில் போய்விடும். 7.2 என்று பார்த்ததுமே குறைச்சல் என்று சொல்லிவிட முடியாது.

மின்கம்பி:
மிகச் சரியான இடத்தில் நிறுத்தினீர்கள், நன்றி. மாற்று மூடி போட்டிருந்தாலும் இதே கேள்வி வரும். ஆகவே நெடுஞ்சாலை, மூடியின் மேல் வோல்ட் அளவு அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். வண்டியின் ஒயரிங் வரைபடத்தில் சோக் லைன் எங்கிருந்து கிளம்புகிறது என்றும் பாருங்கள். இரண்டும் தெரியும் வரை நேர் லைன் சோதனை வேண்டாம்.

நெடுஞ்சாலை:
ஒயரைத் தொடர்ந்து போய்ப் பார்த்தேன். காயில் பாசிட்டிவ்லதான் முடியுது. கம்பெனி ஒயர் மாதிரியே இல்லை: சிவப்பு நிறம், மேல வரி கிடையாது, கடிச்சுப் பிடிக்கிற நீலக் கிளிப் போட்டு இணைச்சிருக்காங்க. முன்னாடி வெச்சிருந்தவர் காலத்து வேலையா இருக்கணும்.

அதைவிட முக்கியமா இன்னொண்ணு கிடைச்சுது. கார்பரேட்டருக்குக் கீழே ஒயர்க் கட்டோட சேர்த்து டேப் சுத்தி மடிச்சு வெச்ச ஒரு ஒயர். டேப்பை உரிச்சா நீலமும் வெள்ளை வரியும். முனையில டெர்மினல் பச்சைப் பொடியா உதிருது, உள்ள செம்பு இழைகள் கறுத்துப்போச்சு. வரைபடத்தில சோக்குக்கு நீலம் வெள்ளைன்னுதான் போட்டிருக்கு! ஃபியூஸ்ல இருந்து ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியா வருது. மூடி ஓரத்தில அழுக்கைத் துடைச்சதும் 12V-ன்னு அச்சு தெரிஞ்சுது.

அந்த நீல ஒயரில மீட்டர் வெச்சா சாவி மட்டும் ஆன்ல பூஜ்யம். எஞ்சின் ஓடும்போது 13.9.

அமைதிப் பயணி:
அப்படியென்றால் சந்தேகமே இல்லை, 12 வோல்ட் சோக்தான். ஸ்டேட்டர் லைனாக இருந்தால் 7 பக்கம் காட்டியிருக்கும்.

கார்ப் வாத்தியார்:
ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியா கொடுத்திருக்காங்க பாருங்க, அருமையான யோசனை. எஞ்சின் ஓடினாத்தான் பிரஷர், பிரஷர் இருந்தாத்தான் சோக்குக்கு கரன்ட். சாவியை ஆன் பண்ணி வெச்சுட்டு பாட்டுக் கேட்டாலும் குளிர்ந்த எஞ்சின்ல சோக் திறந்து கெடுக்காது. அந்த வழியையே திரும்ப உயிர்ப்பிச்சுடுங்க.

மின்கம்பி:
நீல ஒயரில் கறுத்த செம்பு வரைக்கும் வெட்டி எறியுங்கள். பளபளப்பான செம்பு தெரிகிற இடத்தில் புது டெர்மினல் வைத்து நசுக்கி, மேலே சுருங்கும் குழாய் போடுங்கள். கறுத்த செம்பில் ஈயம் பிடிக்காது. காயிலில் இருக்கும் அந்த நீலக் கிளிப்பையும் எடுத்துவிட்டு, அது கடித்த இடத்தில் ஒயர் இழை அறுந்திருந்தால் சரிசெய்யுங்கள். பிறகு சுமையோடு இன்னொரு முறை அளக்க வேண்டும். இப்போது காட்டிய 13.9ம் சுமை இல்லாத அளவுதான்.

சிவப்பு ஹேட்ச்பேக்:
இதைப் படிச்சுட்டு என் வண்டியிலயும் அளந்து பார்த்தேன். என்னோடதும் காயில்ல இருந்துதான் எடுத்திருக்காங்க, 8 வோல்ட்தான் வருது. காலையில ரெண்டு மூணு தடவை ஆஃப் ஆகிறதுக்குக் காரணம் பருவநிலைன்னு நினைச்சிட்டு இருந்தேன். என் வண்டியில பழைய சோக் ஒயரே காணோம், நான் எங்கிருந்து எடுக்கலாம்?

மின்கம்பி:
ஒரு ரிலே (சின்ன கரன்ட்டால் பெரிய கரன்ட்டை இயக்கும் சுவிட்ச்) போடுங்கள். பேட்டரியில் இருந்து ஃபியூஸ் வழியாக ரிலேவுக்கு, அங்கிருந்து சோக்குக்கு. ரிலேவை இழுக்க எஞ்சின் ஓடும்போது மட்டும் வரும் லைன் கிடைத்தால் சிறப்பு. கிடைக்காவிட்டால் சாவி ஆன் நிலையில் வரும் லைனும் பரவாயில்லை. சாவியைத் திருப்பியதும் உடனே ஸ்டார்ட் செய்யும் பழக்கம் இருந்தால் போதும். எந்த நிலையிலும் ஃபியூஸ் இல்லாமல் வேண்டாம். கார்பரேட்டருக்குப் பக்கத்தில் உரசி ஷார்ட் ஆகும் ஒயர் தீயில்தான் முடியும்.

எர்த்தையும் பாருங்கள். ரோசெஸ்டர் என்ற கம்பெனியின் கார்பரேட்டர்களில் வரும் எலக்ட்ரிக் சோக்குகளில் மூடிக்குப் பின்னாலுள்ள உலோகத் தகடு கார்பரேட்டர் உடம்பில் நேராகப் பட்டுத்தான் எர்த் கிடைக்கும். அங்கே கேஸ்கெட் போடக் கூடாது. நல்ல எண்ணத்தில் புது கேஸ்கெட் வெட்டிப் போட்டு, சோக் செத்துவிட்டது என்று மூடி மாற்றுபவர்கள் நிறைய.

நெடுஞ்சாலை:
முடிச்சுட்டேன். சுமையோட சோக் டெர்மினல்ல 13.7! எஞ்சின் சூடானதும் பட்டர்ஃபிளை நேரா நிக்குது. புகை இல்லை, வாடை இல்லை. இவ்வளவு நாள் இந்த எஞ்சின் இவ்வளவு மெதுவா, சுத்தமா ஐட்லிங் ஆகும்னு எனக்குத் தெரியாது.

ஆனா புதுசா ரெண்டு விஷயம். குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகி உடனே இருமி ஆஃப் ஆகுது, முன்னாடி இப்படி இல்லை. சில நாள் பெடலைத் தொடாம விட்டா எஞ்சின் சூடாகி சோக் முழுசா திறந்த பிறகும் வேகமாவே ஓடிக்கிட்டு இருக்கு.

கார்ப் வாத்தியார்:
ரெண்டாவது கோளாறே இல்லை. சோக்கோட சேர்ந்து படிப்படியா வெட்டின ஒரு கேம் இருக்கு, த்ராட்டில் ஸ்க்ரூ அந்தப் படி மேல உக்காந்து வேகமான ஐட்லிங்கைக் கொடுக்கும். சோக் திறந்தாலும் ஸ்க்ரூவோட அழுத்தம் கேமைப் பிடிச்சு வெச்சிருக்கும். பெடலை ஒரு தட்டு தட்டினா ஸ்க்ரூ விலகும், கேம் தன் எடையில கீழ விழும், வேகம் இறங்கிடும். தட்டியும் இறங்கலைன்னா கேம்ல பிசின் பிடிச்சிருக்கு; கார்பரேட்டர் கிளீனர் அடிச்சுக் கழுவுங்க. எண்ணெய் மட்டும் விடாதீங்க, தூசியைச் சேர்த்து இன்னும் இறுக்கும்.

முதலாவதுக்கு மூடியில இருக்கிற கோட்டைப் பாருங்க. கார்பரேட்டர் உடம்புல இருக்கிற நடுக்கோட்டுக்கு எதிர்ல எங்க நிக்குது?

நெடுஞ்சாலை:
அண்ணா, லீன் பக்கமா நாலு கோடு தள்ளி நிக்குது!

கார்ப் வாத்தியார்:
நினைச்சேன். 7 வோல்ட்ல புகை வந்திருக்கும், யாரோ லீன் பக்கமா தள்ளிக்கிட்டே போயிருக்காங்க. இப்போ முழு வோல்ட் வந்ததும் அந்த செட்டிங் தப்பாகிடுச்சு.

எஞ்சின் முழுசா ஆறினதும், அதாவது ராத்திரி பூரா நின்ன பிறகு, மூணு ஸ்க்ரூவையும் தளர்த்துங்க. புத்தகம் சொல்ற கோட்டுக்குத் திருப்புங்க, பெரும்பாலும் நடுக்கோடு. திருப்பும்போது பட்டர்ஃபிளையும் சேர்ந்து அசையணும். அசையலைன்னா ஸ்பிரிங்கோட கொக்கி லீவர்ல மாட்டலைன்னு அர்த்தம், கழட்டி மறுபடி மாட்டுங்க. ஸ்க்ரூவை மூர்க்கமா முறுக்காதீங்க, பிளாஸ்டிக் மூடி விரிசல் விடும். அப்புறம் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை பெடலை முழுசா மிதிச்சு விடுங்க. அப்பத்தான் கேம் விலகி பட்டர்ஃபிளை மூடும். அங்கிருந்து தேவைப்பட்டா ஒவ்வொரு கோடா மாத்துங்க, ஒவ்வொரு மாத்தத்துக்கும் எஞ்சின் மறுபடி முழுசா ஆறணும். சூடான எஞ்சின்ல சோக் செட் பண்ணவே முடியாது.

ஏர் கிளீனர் இல்லாம ஸ்டார்ட் பண்ணும்போது முகத்தை கார்பரேட்டருக்கு மேல கொண்டு போகாதீங்க. கலவை லீனா இருக்கிற குளிர்ந்த எஞ்சின் மேல்பக்கமா நெருப்பைத் துப்பும்.

நான்கு வழிச்சாலை:
என் பக்கம்: ஹோஸ் கார்பரேட்டரில் மாட்டும் இடத்தில் அடிப்பக்கமாக வெடித்திருந்தது, மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. மாற்றியதும் முதல் நிமிடப் புகை நின்றது. டயஃப்ரம் நன்றாகப் பிடிக்கிறது. வாத்தியாருக்கு மிக்க நன்றி.

நெடுஞ்சாலை:
நடுக்கோட்டுக்குக் கொண்டு வந்து, அதுல இருந்து லீன் பக்கமா ஒரு கோடு. இருமல் போச்சு. ஸ்டார்ட் ஆனதும் நிதானமா ஓடுது, பெடலைத் தட்டினா படிப்படியா இறங்குது. பிளக்கெல்லாம் துடைச்சுப் போட்டேன், கொஞ்சம் ஓட்டிட்டு நிறம் பார்க்கணும். மின்கம்பி சார், வாத்தியார் அண்ணா, அமைதிப் பயணி, மூணு பேருக்கும் மனமார்ந்த நன்றி.

கடைசியா ஒண்ணு. ஆயில் டிப்ஸ்டிக்கை உருவினா அளவு மேல்கோட்டைத் தாண்டி இருக்கு. நான் ஆயில் ஊத்தவே இல்லை.

கார்ப் வாத்தியார்:
முகர்ந்து பாருங்க, பெட்ரோல் வாடை அடிக்கும். சோக் முழுசா திறக்காமலேயே ஓடினதுல எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கிட்டு கீழ இறங்கியிருக்கு. ஆயில் நீர்த்துப்போனா பேரிங்குக்கு ஆபத்து, தூரம் ஓட்டாதீங்க. உடனே ஆயிலும் ஃபில்டரும் மாத்துங்க. மாத்தின பிறகு தினமும் டிப்ஸ்டிக்கைப் பாருங்க. அளவு மறுபடி ஏறுச்சுன்னா சோக்கை விட்டுடலாம், பெட்ரோல் பம்ப் டயஃப்ரமும் கார்பரேட்டருக்குள்ள பெட்ரோல் வரத்தை அடைக்கிற நீடில் வால்வும் பார்க்கணும். ஏறினா இங்கேயே எழுதுங்க.